வெயிலிலேயே வேலை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

"பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள்." கோடை பிறந்ததும் எல்லாப் பக்கமிருந்தும் கேட்கும் அறிவுரை இது. சரியான அறிவுரைதான். ஆனால் தளம் போடும் நாளில் கலவைச் சட்டியைத் தலையில் சுமக்கும் சித்தாள் இதை எப்படிக் கடைப்பிடிப்பார்? தள்ளுவண்டியில் வெள்ளரிப்பிஞ்சு விற்பவர், குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருபவர், வண்டியில் பறக்கும் டெலிவரி இளைஞர் என்று லட்சக்கணக்கானவர்களின் அன்றாடக் கூலி அந்த வெயிலில்தான் இருக்கிறது.

இந்தப் பட்டியல் அவர்களுக்கானது. அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் ஆனது. வெயிலில் சுருண்டு விழுபவர்களில் பெரும்பாலானவர்களை உடல் முன்பே எச்சரித்திருக்கும். தண்ணீர், உப்பு, நிழல், ஓய்வு ஆகிய நான்கும் நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலான சாவுகளைத் தடுத்துவிடலாம். அந்த நான்கில் முதல் இரண்டை ஓரளவு நாமே பார்த்துக்கொள்ள முடியும். நிழலும் ஓய்வும் வேலை கொடுப்பவர் கையில் இருக்கின்றன.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வேலை செய்யும்போது தசைகளே வெப்பத்தை உண்டாக்குகின்றன. வெளியிலிருந்து வெயிலும் சேர்கிறது. இதைத் தணிக்க உடலிடம் இருக்கும் பெரிய கருவி வியர்வை. மண்பானையின் மேல் கசியும் நீர் காய்ந்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர வைப்பதுபோல, தோலில் வியர்வை காயும்போது உடல் குளிர்கிறது.

வியர்வை காய்ந்தால்தான் பலன். காற்றில் ஈரப்பதம் மிகுந்த சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் அது காயாமல் வழிந்து ஓடுகிறது. நீரும் உப்பும் போகின்றன, உடலோ குளிர்வதில்லை. வெப்பம் 35 டிகிரியும் ஈரப்பதம் 70 சதவீதமும் இருந்தால் உடல் உணர்வது ஏறத்தாழ 50 டிகிரி. அதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் இன்னும் கூடும். எனவே கரூர் பரமத்தியிலோ வேலூரிலோ பதிவாகும் 41 டிகிரியைப் பார்த்துவிட்டு, "நம் ஊரில் 36தானே" என்று கடலோரத்தில் இருப்பவர் நிம்மதி அடைய முடியாது.

நாள்காட்டியை மட்டும் நம்புவதும் ஆபத்து. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. கத்திரி முடிந்த பிறகு. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகசம் பார்க்கக் கூடிய பெருங்கூட்டத்தில் 5 பேர் இறந்தார்கள். பலர் மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அது ஐப்பசியை எட்டிப்பார்க்கும் நேரம்.

வேலைக்குக் கிளம்பும் முன்

செய்ய வேண்டியவை

• வீட்டிலேயே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். நேற்று இழந்த நீர் தூக்கத்தில் தானாகத் திரும்பி வராது. நீர் குறைந்த உடலோடு வேலையைத் தொடங்குபவர், பத்து மணிக்கே மற்றவர்களைவிடப் பின்தங்கி இருப்பார்.

• காலையில் சாப்பிடுங்கள். உப்புப் போட்ட பழைய சோறும் நீராகாரமும், மோர் கரைத்த கம்மங்கூழும் வெயில் வேலைக்கு அருமையான உணவு. வியர்வையில் போகும் உப்பில் பெரும்பகுதியை உணவே ஈடுகட்டுகிறது.

• வெளிர் நிறத்தில், தளர்வான, முழுக்கைப் பருத்தி உடை அணியுங்கள். கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். அந்தச் சட்டை பாலியஸ்டராக இல்லாமல் பழைய பருத்திச் சட்டையாக இருக்கட்டும். தலைக்கு ஈரத் துண்டும், முடிந்தால் விளிம்பு அகன்ற தொப்பியும் வேண்டும்.

• வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் கேளுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை ஏற ஏற, கடினமான வேலையை அதிகாலைக்கு மாற்ற வேண்டும்.

• வெயில் வேலைக்குப் புதியவரா? நோயில் படுத்து எழுந்து வருகிறீர்களா? உடல் வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். புதியவர் முதல் நாள் வழக்கமான வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயிலில் நின்று, ஒவ்வொரு நாளும் அதே அளவு கூட்டிக்கொண்டு போக வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் பதிவுகளில், பணியிடத்தில் வெப்பத்தால் நேர்ந்த சாவுகளில் பாதிக்கு மேல் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நேர்ந்திருக்கின்றன.

செய்யக்கூடாதவை

• வெறும் வயிற்றில் ஒரு டீயோடு வேலைக்கு ஏறாதீர்கள்.

• காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இருக்கும் நாளில் கடும் வெயிலில் வேலை செய்யாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் நிழலில் செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

• முந்தைய இரவு மது குடிக்காதீர்கள். மது சிறுநீராக நீரை வெளியேற்றிவிடும். மறுநாள் வெயிலை அந்த உடல் தாங்காது.

• இரத்த அழுத்தம், இதயம், மனநலம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீர் பிரிவதற்கான மாத்திரையும் வேறு சில மருந்துகளும் உடலின் நீரையோ வியர்வையையோ குறைக்கக்கூடும். "நான் வெயிலில் வேலை செய்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

தண்ணீர் குடிக்கும் முறை

செய்ய வேண்டியவை

• 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். ஒரு டம்ளர் என்பது 200 முதல் 250 மில்லி. கடுமையான வெயில் வேலையில் மணிக்கு 600 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை இது வரும்.

• உங்களுக்கென்று தனி பாட்டில் வையுங்கள். ஈரச் சாக்கோ ஈரத் துணியோ சுற்றி நிழலில் வைத்தால் மதியம் வரை குளிர்ச்சி நிற்கும். கையருகே இருக்கும் தண்ணீரைத்தான் மனிதர் குடிப்பார். மூன்று மாடி இறங்கிப் போய்க் குடிக்க வேண்டிய தண்ணீர் இருந்தும் இல்லாத கணக்கு.

• சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் நீர் போதவில்லை. பழுப்பு அல்லது தேநீர் நிறம் என்றால் தசையோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

• இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வியர்த்தால் தண்ணீரோடு உப்பும் தேவை. நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• வீட்டுக்குத் திரும்பிய பிறகும் குடியுங்கள். வேலை நேரத்தில் இழந்ததை முழுதாக ஈடுகட்ட இரவுச் சாப்பாடு வரை ஆகும்.

செய்யக்கூடாதவை

• தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தாகம் தெரியும் முன்பே உடல் நீரை இழக்கத் தொடங்கியிருக்கும். முதியவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடுகிறது.

• விட்டதைப் பிடிப்பதாக நினைத்து ஒரே மூச்சில் ஒரு குடம் குடிக்காதீர்கள். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகலாம்.

• உப்புக் கல்லை வாயில் போட்டுக்கொள்வது, உப்பு மாத்திரை விழுங்குவது வேண்டாம். உப்பு எப்போதும் நீரில் கரைந்து, அளவோடு உள்ளே போக வேண்டும்.

• சிறுநீர் கழிக்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீரைத் தவிர்க்காதீர்கள்.

இந்தக் கடைசி வரியை எழுதுவது எளிது. தளம் போடும் இடம் ஒன்றில் சிறிது நேரம் நின்று பார்த்தால் உண்மை தெரியும். பெயின்ட் டிரம் ஒன்றில் தண்ணீர், அதன்மேல் ஒரே ஒரு பிளாஸ்டிக் சொம்பு. கொத்தனாரும் கலவை போடுபவரும் மொண்டு மொண்டு குடிப்பார்கள். சித்தாள் பெண்கள் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இன்னொரு வாயை மட்டும் விழுங்கி, மீதியை முந்தானையில் ஊற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டியைத் தூக்கப் போய்விடுவார்கள். குடித்தால் எங்கே போவது என்ற கணக்கு அது. காலை எட்டு மணி முதல் மாலை வரை அடக்கி வைப்பதன் விலை சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல், காலப்போக்கில் சிறுநீரகப் பாதிப்பு. கழிவறை இல்லாத பணியிடத்தில் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற அறிவுரை பெண்களுக்குப் பயன்படாது. அங்கே முதல் தேவை கழிவறை. மூன்று பேராகச் சேர்ந்தாவது மேஸ்திரியிடம் கேளுங்கள். இது சலுகை இல்லை.

எதைக் குடிக்கலாம், எதைத் தவிர்க்கலாம்

• ஓஆர்எஸ்: உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரித்த பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவில் கரைக்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலநோபிஸ் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து இது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும்.

• பொட்டலம் இல்லாவிட்டால்: ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள்.

• கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரத்தில் இல்லாத பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் போராடியதன் விளைவு அது. உறையில் சூத்திரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

• நீர்மோர்: வெயில் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பானம் குறைவு. நீரும் உப்பும் பொட்டாசியமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. தண்ணீராகக் கரைத்து, உப்பும் கறிவேப்பிலையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். புளித்துப் பொங்கியதைக் குடிக்காதீர்கள்.

• இளநீர்: நல்லது. பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே நாள் முழுக்க வியர்த்தவருக்கு இளநீர் மட்டும் போதாது; கூடவே உப்புள்ள உணவும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கவே கூடாது.

• பதநீர், பானகம், நன்னாரி சர்பத்: களைப்பு நீக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றதல்ல.

• நுங்கு, வெள்ளரி, தர்ப்பூசணி: தாராளமாகச் சாப்பிடலாம். ஈ மொய்க்க நறுக்கி வைத்த துண்டுகள் வேண்டாம். முழுப் பழத்தை உங்கள் கண்முன் வெட்டச் சொல்லி வாங்குங்கள்.

• டீ, காபி: அளவோடு குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் தண்ணீருக்கு மாற்றாக எண்ணாதீர்கள். எனர்ஜி டிரிங்க் எனப்படும் பானங்களில் காஃபினும் சர்க்கரையும் மிகுதி; வெயில் வேலையில் அவற்றைத் தொடாதீர்கள்.

• தெருவோரப் பானங்களில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாவிட்டால் ஐஸ் இல்லாமல் கேளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே நாளில் குடித்ததெல்லாம் போய்விடும்.

வேலை நடக்கும்போது

செய்ய வேண்டியவை

• பாரம் தூக்கும் வேலை, கான்கிரீட், தார் வேலை ஆகியவற்றை முடிந்தவரை காலை 11 மணிக்குள் முடியுங்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் விடியும் முன்பே விளக்கு வெளிச்சத்தில் அளத்தில் இறங்குவது இதற்காகத்தான்.

• நிழல் இல்லாத இடத்தில் நிழலை உண்டாக்குங்கள். நான்கு சவுக்குக் கழி, ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் அல்லது பச்சை வலை போதும். தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து ஓய்வெடுப்பது பலன் தராது. பகல் வெயிலில் தகரம் கொதித்து உள்ளே அடுப்பாகிவிடும்.

• இரண்டிரண்டு பேராக ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளுங்கள். மூளை சூடேறும்போது முதலில் மங்குவது தன்னைப் பற்றிய மதிப்பீடு. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவரின் பேச்சு குழறினால் அவர் வார்த்தையை நம்பாதீர்கள், உட்கார வையுங்கள்.

• ஓய்வு நேரத்தில் கழுத்து, முகம், முன்கைகளை நனைத்துக் காற்றுப்படும்படி உட்காருங்கள்.

• கம்பி கட்டுபவர்கள் மதிய நேரத்தில் கையுறை அணிந்துதான் கம்பியைத் தொட வேண்டும். வெயிலில் கிடந்த இரும்பு தோலைச் சுட்டுவிடும்.

செய்யக்கூடாதவை

• பீஸ் ரேட், ஆர்டர் கணக்கு, இலக்கு என்று ஓய்வைத் தியாகம் செய்யாதீர்கள். டெலிவரி இளைஞர்களே, இரண்டு ஆர்டருக்கு நடுவே மரநிழலில் ஐந்து நிமிடம் ஹெல்மெட்டைக் கழற்றி உட்காருங்கள். சென்னை மாநகராட்சி 2025இல் டெலிவரி ஊழியர்களுக்கென்று குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. அத்தகைய இடம் உங்கள் வழியில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

• வெயில் உச்சத்தில் தனியாகக் கிணறு, தொட்டி, மேல்மாடி வேலைக்குப் போகாதீர்கள். மயங்கினால் பார்க்க ஆள் இருக்காது.

• காற்று 40 டிகிரியைத் தாண்டும்போது மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள். அது சூடான காற்றையே உடல்மேல் வீசும். உடலை நனைத்துக்கொண்டு அதன்பின் காற்று வாங்குங்கள்.

உடல் தரும் எச்சரிக்கைகள்

முதல் எச்சரிக்கை தசைப்பிடிப்பு. கெண்டைக்கால், தொடை, வயிறு இழுத்துப் பிடிக்கும். வேலையை நிறுத்துங்கள். நிழலில் உட்கார்ந்து தசையை மெல்ல நீட்டி, ஓஆர்எஸ் அல்லது உப்பிட்ட மோர் குடியுங்கள். பிடிப்பு விட்டதும் உடனே பாரம் தூக்கப் போகாதீர்கள். சில மணி நேரம் பொறுங்கள்.

இரண்டாவது வெப்பச் சோர்வு. வியர்வை கொட்டும், தோல் சில்லிட்டுப் பிசுபிசுக்கும், தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும், நாடி வேகமாக ஓடும். இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடலாம். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், உடையைத் தளர்த்துங்கள், உடலைக் குளிர வையுங்கள், சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறாவிட்டால், அல்லது வாந்தி நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்றாவது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்ட நிலை. குழப்பம், உளறல், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவை அடையாளம். உட்கார்ந்தே இருக்கும் முதியவர்களுக்குத் தோல் காய்ந்து சுடும். வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வியர்வை ஓடிக்கொண்டே இருக்கலாம். எனவே "வியர்க்கிறதே, ஒன்றும் இருக்காது" என்று விட்டுவிடக் கூடாது. பேச்சும் நடத்தையும் மாறிவிட்டால் அது உயிராபத்து.

ஹீட் ஸ்ட்ரோக்குக்கு முதலுதவி

செய்ய வேண்டியவை

• ஒருவர் 108க்கு அழைக்கட்டும். இன்னொருவர் அதே நொடியில் குளிர வைக்கத் தொடங்கட்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் சேதம்.

• நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். மேலாடையைக் கழற்றுங்கள் அல்லது தளர்த்துங்கள். பெண்ணாக இருந்தால் மற்றப் பெண்கள் சுற்றி நின்று புடவையால் மறைத்துக்கொள்ளலாம். கூச்சம் கருதி உடையோடு போர்த்தி வைக்காதீர்கள்.

• கையில் இருக்கும் தண்ணீரையெல்லாம் உடல் முழுக்க ஊற்றி, அட்டை, முறம், துண்டு எதனாலாவது விடாமல் விசிறுங்கள். பணியிடத்தில் தொட்டி இருந்தால், தலை நீருக்கு மேலே இருக்கும்படி இருவர் பிடித்துக்கொண்டு கழுத்துவரை நீரில் இருத்துவது இன்னும் வேகமாகக் குளிர வைக்கும்.

• ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள்.

• மயக்கத்தில் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

• மருத்துவமனையில், எங்கே, என்ன வேலையில், எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தார் என்பதைத் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. பதிவேட்டில் வெயில் இடம்பெறாவிட்டால், அந்தச் சாவு வெறும் மாரடைப்பாகக் கணக்கில் போய்விடும்.

செய்யக்கூடாதவை

• நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும்.

• காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இந்தச் சூட்டுக்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. நலிந்திருக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் சுமைதான்.

• சுற்றிக் கூட்டமாக நின்று காற்றை மறைக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பது, வெங்காயம் முகரச் செய்வது என்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

• தெளிந்து எழுந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். உள்ளுறுப்புப் பாதிப்பு பின்னால் தெரியவரலாம். மருத்துவமனை கட்டாயம்.

கூடுதல் கவனம் தேவைப்படுபவர்கள்

• கர்ப்பிணிகள்: சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரியவந்தது. செங்கல் சூளை, உப்பளம், வயல் எதுவானாலும் கர்ப்பிணியை வெயில் உச்சத்தில் நிறுத்தாதீர்கள்.

• சர்க்கரை நோயாளிகள்: இன்சுலினை வண்டிப் பெட்டியிலோ வெயில்படும் பையிலோ வைக்காதீர்கள், சூட்டில் அதன் வீரியம் போய்விடும்.

• இதயம், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள்: உங்களுக்கு நீரின் அளவை மருத்துவர் கட்டுப்படுத்தியிருந்தால், மேலே சொன்ன டம்ளர் கணக்கைப் பின்பற்றாதீர்கள். வெயில் காலத்துக்கான அளவை அவரிடமே கேளுங்கள்.

• தனியாக இருக்கும் முதியவர்கள்: வெயிலில் போகாமலே வெப்பத்தால் பாதிக்கப்படுபவர்கள் இவர்கள். தகரக் கூரை, மொட்டை மாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் இருக்கும் பெரியவரைப் பகலில் இருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீரைக் கையில் கொடுத்துக் குடிக்க வையுங்கள்.

• குழந்தைகள்: நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பயனில்லை. வேலை செய்யும் தாயோடு வரும் குழந்தையைத் தூளிகட்டிப் போடும் இடம் உண்மையான நிழலா என்று மணிக்கொரு முறை பாருங்கள், நிழல் நகர்ந்துவிடும்.

வேலை கொடுப்பவர்களுக்கு

செய்ய வேண்டியவை

• மூடியுள்ள பாத்திரத்தில், ஆட்கள் நிற்கும் தளத்திலேயே, குளிர்ந்த குடிநீர் வையுங்கள். தனித்தனி டம்ளர் வேண்டும். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு இருபது லிட்டர் கேன் ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும்.

• பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வசதியுள்ள கழிவறை அமையுங்கள்.

• பகல் 12 முதல் 3 வரை வெளிவேலையை நிறுத்தி, காலையிலும் மாலையிலும் நேரத்தைக் கூட்டுங்கள். கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் துறை இந்த மூன்று மணி நேர ஓய்வை ஆணையாகவே போடுகிறது. நம் ஊர்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு.

• மணிக்கொரு முறை நிழலில் ஓய்வு கொடுங்கள். நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் இளம் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தார்கள். அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

• 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டிய பணியிட முகவரியை எல்லோரும் படிக்கும்படி எழுதி வையுங்கள். வெளி மாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் எழுதுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஓய்வு நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். கூலி குறையும் என்றால் எவரும் உட்கார மாட்டார்கள்.

• தலை சுற்றுகிறது என்று உட்காருபவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து எழுந்து நின்றவர்தான் அடுத்த அரை மணியில் விழுவார்.

• புதிதாக வந்த ஆளிடம் முதல் நாளே முழு வேலையை வாங்காதீர்கள்.

• தண்ணீர்ப் பந்தல் திறந்து படம் எடுத்துக்கொள்வதோடு கடமை முடிந்ததாக எண்ணாதீர்கள். பந்தலில் வெயில் தணியும் நாள் வரை தண்ணீர் இருக்க வேண்டும்.

2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்த இழப்புக்குப் பிறகு அந்த நகரம் 2013இல் முன்னெச்சரிக்கை, குடிநீர், குளிர்ந்த ஓய்விடம், மருத்துவமனைத் தயார்நிலை ஆகியவற்றைச் சேர்த்து வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. மற்ற நகரங்கள் அதைப் பார்த்துத் தங்கள் திட்டங்களை வகுத்தன. அத்தனையும் எளிய, செலவு குறைந்த வேலைகள். ஓர் ஊராட்சித் தலைவரும் ஒரு மேஸ்திரியும்கூட அவற்றில் பாதியைச் செய்ய முடியும்.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் வீட்டு வாசலுக்குக் குப்பை வாங்க வருபவருக்கும், பார்சல் கொண்டு வருபவருக்கும், தெருவில் பள்ளம் தோண்டுபவருக்கும் அவர்கள் கேட்கும் முன்பே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். பெண்ணாக இருந்தால் கழிவறை வேண்டுமா என்று கேளுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவராக இருந்தால் ஒப்பந்தக்காரரிடம் மதிய ஓய்வையும் கழிவறையையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நம் வீட்டுக்கும் தெருவுக்கும் உழைக்கும் யாரும் ஒரு வாய் தண்ணீர் இல்லாமலோ கால் மணி நேர நிழல் இல்லாமலோ உயிர் விடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.